சாரிட்டி ஷாப்பா, கார் பூட் சேலா?

இங்கிலாந்தில் பழைய பொருளை மலிவாக வாங்க இந்த இரண்டும் நல்ல வழிகள். சாரிட்டி ஷாப் என்பது, மக்கள் தானமாகக் கொடுத்த பொருள்களை விற்று அறப்பணிக்குப் பணம் திரட்டும் கடை; கார் பூட் சேல் என்பது, மக்கள் தங்கள் கார் டிக்கியிலிருந்தே பழைய சாமான்களை விற்கும் சந்தை. எங்கே போவது என்பது, என்ன வாங்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.

கோட்டு, புத்தகம், கம்பளிச் சட்டை என்றால் சாரிட்டி ஷாப்தான். ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 1947-இல் ஆக்ஸ்போர்டின் பிராட் ஸ்ட்ரீட்டில் முதல் நிரந்தரக் கடையைத் தொடங்கியது; இன்று பெரும்பாலான ஊர்க் கடைத்தெருக்களில் இப்படி ஒரு கடையாவது இருக்கிறது. துணிகளைத் தரம் பிரித்து, விலைச் சீட்டு ஒட்டி மாட்டியிருப்பார்கள். மின்சாதனம் விற்கும் கடைகள் அதைச் சோதித்த பிறகே வைக்கும். பேரம் பேச எனக்கு மனம் வராது. பணம் அறப்பணிக்குப் போகிறதே. வசதியானவர்கள் வாழும் பகுதிக் கடைகளில் துணி அருமையாக இருக்கும், விலையும் சற்று ஏறியிருக்கும்.

கார் பூட் சேல் வேறு உலகம். ஞாயிறு காலை, ஒரு வயல்வெளி, வரிசையாகக் கார்கள், டிக்கியைத் திறந்து வீட்டுச் சாமான்களைப் பரப்பிய குடும்பங்கள். தோட்டக் கருவி, பீங்கான் தட்டு, குழந்தைகளின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இதுவே என் இடம். சில்லறையோடு சீக்கிரம் போனால் நல்ல பொருள் கிடைக்கும். கடைசி நேரத்தில் போனால் நல்ல விலை கிடைக்கும், ஏனென்றால் மிச்சத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக யாருக்கும் பிடிக்காது. தாராளமாகப் பேரம் பேசலாம். இரண்டு மூன்றைச் சேர்த்துக் கேட்டால் இன்னும் குறையும்.

ஆனால் திருப்பிக் கொடுப்பது கடினம். அதனால் மின்சாதனத்தை அங்கே வாங்கவே மாட்டேன். அப்புறம், குழந்தைக்கான கார் சீட் எவ்வளவு மலிவானாலும் வேண்டவே வேண்டாம். அது விபத்தில் அடிபட்டதா என்பது பார்த்தால் தெரியாது.