நாய்க்கு ‘ஜிபிஎஸ் சிப்’ வைக்கிறோம் என்று வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

மதுரையில் நாய் வளர்க்கும் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். “நாயின் உடம்புக்குள் ஜிபிஎஸ் சிப் வைக்கிறோம், எங்கே ஓடினாலும் உங்கள் போனில் தெரியும்” என்று சொல்லிக்கொண்டு சிலர் வீடு வீடாக வருகிறார்கள். எங்களிடம் 4,500 ரூபாய் வாங்கினார்கள். அப்படி ஒரு சிப் கடையில் விற்பனைக்கே கிடையாது.

எங்கள் வீரா சிப்பிப்பாறை ஆண். குட்டியாக இருந்தவரை கூப்பிட்ட குரலுக்கு வருவான். ஒரு வயதை நெருங்கியதும் கேட் இடுக்கு கிடைத்தால் போதும், ஆள் இருக்கமாட்டான். கண்ணால் பார்த்து முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் அது. தூரத்தில் ஒரு பூனை அசைந்தாலும் நம் குரல் அதன் காதில் ஏறாது. பருவத்துக்கு வந்த பெட்டை நாய் தெருவில் இருந்தால் கேட்கவே வேண்டாம். நாங்கள் இருப்பது விளாங்குடி. திண்டுக்கல் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் எப்படிப் பறக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அவன் ஓடும்போதெல்லாம் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. அந்தப் பயத்தைத்தான் வந்தவர்கள் காசாக்கினார்கள்.

“அண்ணே, சென்னையில கார்ப்பரேஷனே கட்டாயம் ஆக்கிட்டாங்க, இங்கயும் வந்துரும்” என்று ஆரம்பித்தார் அந்த ஆள். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று சொன்னது உண்மைதான். ஆனால் அது நாயின் அடையாள எண்ணை மட்டும் சொல்லும் சிப், இடத்தைக் காட்டாது. இவர் சொல்லி விற்றது வேறு கதை. கழுத்துக்குப் பின்னால் ஊசி போட்டு ஒரு சிப்பை இறக்கினார். என் போனில் ஒரு செயலியை ஏற்றினார். வரைபடத்தில் எங்கள் வீட்டின் மேல் பச்சைப் புள்ளி ஒன்று வந்தது. “இதுதாண்ணே உங்க நாய். இனிமே கழுத்துல பேர் பட்டைகூட வேண்டாம்” என்றார். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வரும் என்றார். வரவேயில்லை.

பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் போட்ட வெடிச் சத்தத்தில் வீரா பட்டையை உருவிக்கொண்டு ஓடினான். செயலியைத் திறந்தால் பச்சைப் புள்ளி எங்கள் வாசலிலேயே நிற்கிறது. பைக்கை எடுத்துக்கொண்டு பரவை பக்கம் தேடிப் போனேன். புள்ளியும் பரவைக்கு வந்தது. திரும்பி பாத்திமா கல்லூரிப் பக்கம் வந்தால் அங்கேயும் வந்து நின்றது. நாய் என் பின்னாலேயே வருகிறது என்று நினைத்து இருட்டில் கத்திக் கத்திக் கூப்பிட்டேன். தம்பிதான் போனை வாங்கி லொகேஷனை அணைத்தான். புள்ளி காணாமல் போனது. அந்தச் செயலி இவ்வளவு நாளும் என் போன் இருக்கும் இடத்தைத்தான் எனக்கே காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆளுக்கு போன் செய்தால் முதலில் “நெட்வொர்க் பிரச்சினை” என்றார். அப்புறம் “வருஷ ரீசார்ஜ் 1,800 ரூபாய் போடுங்க, லைவ் ஆயிரும்” என்றார். நாய் தெருவில் கிடக்கும் நேரத்தில் இதைக் கேட்க எப்படி மனசு வந்ததோ. நான் சத்தம் போட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

வீரா கிடைத்தது மனிதர்களால்தான். வாட்ஸ்அப்பில் போட்ட படத்தைப் பார்த்து, பரவை காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்கும் அண்ணன் ஒருவர் அவனைப் பிடித்துக் கட்டி, தண்ணீர் வைத்து எங்களுக்குச் சொன்னார். முன்னங்காலில் வெட்டுக்காயம், வேறொன்றும் இல்லை. இதற்கு நடுவே வேறொரு ஆள் “நாய் எங்கிட்ட இருக்கு, ஜீபே பண்ணுங்க, கொண்டாந்து விடுறேன்” என்று அழைத்தார். வீடியோ காலில் காட்டுங்கள் என்றதும் வைத்துவிட்டார். நாய் தொலைத்தவர்கள் இதையும் கவனத்தில் வையுங்கள்.

மருத்துவரிடம் கொண்டுபோனபோது ஸ்கேனர் வைத்துப் பார்த்தார். 15 இலக்க எண் ஒன்று வந்தது, அவ்வளவுதான். மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவு இருக்கும். அதில் பேட்டரி கிடையாது, சிம் கிடையாது. ஸ்கேனரைச் சில அங்குலம் பக்கத்தில் கொண்டுபோனால் எண்ணை மட்டும் சொல்லும். அந்த எண் உங்கள் பெயரோடும் போன் எண்ணோடும் எங்காவது பதிவாகியிருந்தால்தான் பலன். எங்கள் எண் எங்கேயும் பதிவாகவில்லை. இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவிக்குப் பேட்டரியும் மொபைல் தொடர்பும் வேண்டும். அதனால் அது கழுத்துப் பட்டையில்தான் மாட்டப்படும், அடிக்கடி சார்ஜ் போட வேண்டும். பட்டையில் மாட்டும் ஏர்டேக் போன்ற சின்ன வில்லைகள், பக்கத்தில் வேறு போன்கள் இருந்தால்தான் இடத்தைத் தெரிவிக்கும். கால்நடை மருத்துவர் அல்லாத ஒருவர் ஊசி போட்டதைக் கேட்டு மருத்துவருக்கு வந்த கோபம் தனி.

இப்போது வீராவுக்கு மார்ட்டிங்கேல் பட்டை. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாய்களுக்குத் தலை ஒடுக்கம், சாதாரணப் பட்டை எளிதாக உருவிக்கொள்ளும். இது இழுத்தால் அளவாக இறுகும். அதில் எங்கள் போன் எண் பொறித்த தகடு. கேட்டுக்கு உள்ளே இன்னொரு தட்டி. காலையில் மொட்டை மைதானத்தில் நீளக் கயிற்றில் விட்டு, கூப்பிட்டதும் வந்தால் வேகவைத்த ஈரல் கொடுத்துப் பழக்குகிறோம். எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டுவதில்லை. திட்டினால் அடுத்த முறை வரவே மாட்டான் என்று மருத்துவர் சொன்னார்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜீபே பரிமாற்றமும் அவர் அனுப்பிய குரல் பதிவுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.