பழைய வின்செஸ்டர் 94: ஸ்கோப்பா, பீப் சைட்டா?

எங்கள் மாமா வீடு குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில். தாத்தா காலத்திலிருந்து உரிமத்தோடு கைமாறி வந்த ஒரு வின்செஸ்டர் 94 அங்கே இருக்கிறது. .30-30 தோட்டா, அடியில் உள்ள நெம்பை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் லிவர் ஆக்‌ஷன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் இப்போது வேட்டைப் பேச்சுக்கே இடமில்லை. எப்போதாவது அனுமதி பெற்ற சுடுதளத்தில் காகிதத்தைத் துளைப்பதோடு சரி. மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. "மக்கா, முன்னால உள்ள மணி பூ மாதிரி விரியுது, ஒண்ணும் பிடிகிட்டல்ல. ஒரு ஸ்கோப்பு போட்டா என்ன?" என்று கேட்டார். மணி என்றது குழல் முனையில் உள்ள முன்குறியை; ஸ்கோப் என்பது இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கிக் குறி. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் துப்பாக்கியில் அது நினைப்பதுபோல் எளிதல்ல.

காரணம் அதன் வடிவமைப்பு. ஜான் பிரௌனிங் 1894-இல் கொடுத்த இந்த ரைஃபிளின் ரிசீவர், அதாவது தோட்டா ஏறி இறங்கும் நடுப்பகுதி, மேல்பக்கம் திறந்தது. லிவரை இறக்கியதும் வெற்றுத் தோட்டா நேர் மேலே துள்ளி வெளியேறும். ஸ்கோப் வழக்கமாக உட்காரும் இடமும் அதுதான். நடுவில் ஸ்கோப்பை வைத்தால் வெற்றுத் தோட்டா அதில் மோதி உள்ளேயே விழும். 1980களின் தொடக்கத்தில்தான் வின்செஸ்டர் தோட்டாவைச் சாய்வாக வெளியேற்றும் ஆங்கிள் இஜெக்ட் வகையைக் கொண்டுவந்தது. உங்களிடம் இருப்பது அதுவானால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மார்லின் 336 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அதன் ரிசீவர் மேல்பக்கம் மூடியது, தோட்டா பக்கவாட்டில் போகும், 1950களின் நடுவிலிருந்து வந்தவற்றில் ஸ்கோப்பைத் தாங்கும் தளம் பொருத்தத் துளைகளும் உண்டு. சாவேஜ் 99-உம் பக்கவாட்டில் வெளியேற்றுவதுதான். ஆக, கீழே உள்ளதெல்லாம் மேலே துப்பும் பழைய 94-க்கு மட்டும்.

முதல் வழி, பக்கத் தளம். ரிசீவரின் இடது பக்கத்தில் ஒரு தகட்டைத் திருகி, ஸ்கோப்பை இடப்புறம் தள்ளி உட்கார வைப்பது. வெற்றுத் தோட்டா தடையில்லாமல் போகும், ஸ்கோப்புக்குப் பக்கத்தில் பழைய குறியும் தெரியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் படியாது. வலக்கைக்காரர் தலையை இடப்பக்கம் சரித்துத்தான் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தலை ஒரே இடத்தில் வராது. குழலும் ஸ்கோப்பும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் குண்டு பக்கவாட்டிலும் விலகும். விலகல் ஒரு அங்குலம், அதாவது 25 மி.மீ. என்று வையுங்கள். 100 மீட்டரில் ஜீரோ செய்தால், அதாவது குறி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி திருத்தினால், 50 மீட்டரில் குண்டு சுமார் 12 மி.மீ. வலப்புறம் விழும், 200 மீட்டரில் 25 மி.மீ. இடப்புறம். காகிதத்துக்கு அது பெரிதில்லைதான். ஆனாலும் எனக்குப் பிடிக்காத வழி இதுவே. ரைஃபிளைத் தூக்கினாலே ஒரு பக்கம் கனக்கும்.

இரண்டாவது வழி, முன் தளம். பலர் ஸ்கவுட் ஸ்கோப் என்பார்கள். ரிசீவருக்கு முன்னால், குழலின் மேல், பழைய பின்குறி இருந்த டவ்டெய்ல் என்னும் குறுக்குப் பள்ளத்தைப் பிடித்துத் தளம் வருகிறது. சாதாரண ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து மூன்று நான்கு அங்குலத்தில் வைக்க வேண்டும். இங்கே ஒன்பது பத்து அங்குலமாவது தள்ளியிருந்தாலும் தெரியும்படி செய்த ஸ்கோப் தேவை. பெருக்கமும் இரண்டு, இரண்டரை மடங்குதான். .30-30 தோட்டாவே 150 மீட்டர் தூரத்துக்குள் பேசும் தோட்டா என்பதால் இதில் குறை சொல்ல முடியாது. வெற்றுத் தோட்டாவுக்கு வழி திறந்திருக்கும், துளை போட வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம். கெடுதல் இரண்டு. முதுகுப்பக்கம் வெயில் இருந்தால் பின் லென்ஸில் பளபளவென்று அடித்துக் கண் கூசும். அப்புறம், டவ்டெய்லில் மட்டும் நிற்கும் தளம் அடிக்கடி இளகும்.

மூன்றாவதுதான் என் தேர்வு: ரிசீவரின் பின்பகுதியில் பொருத்தும் பீப் சைட், அதாவது சிறு துவாரம் உள்ள பின்குறி. லைமன், வில்லியம்ஸ் என்று பழைய பெயர்கள். மாமாவின் நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு சுவையானது. திறந்த குறியில் கண் மூன்றைப் பார்க்க வேண்டும்: பின்குறி, முன்மணி, இலக்கு. வயதானால் பக்கத்தில் உள்ளதில் குவியும் சக்தி போய்விடும், மூன்றும் சேர்ந்து தெரியாது. சிறு துவாரம் வழியாகப் பார்க்கும்போது துவாரத்தைக் குவிக்க வேண்டியதே இல்லை. கண் தானாக அதன் நடுவைப் பிடித்துக்கொள்ளும். தெளிவின் ஆழமும் கூடும், மணியும் இலக்கும் ஓரளவு சேர்ந்து நிற்கும். ஸ்கோப்பில் குறுக்குக் கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரியும் என்பது உண்மை, அந்த வகையில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் பீப் அதன் முக்கால் பங்கைக் கொடுத்துவிட்டு, எடையும் உயரமும் கூட்டாமல் ஒதுங்கிக்கொள்கிறது. குறிகளுக்கு இடையே உள்ள தூரமும் கூடுவதால் நுணுக்கம் ஏறும். ரப்பர் நிழலில் சிறு துவாரம் இருட்டடித்தால், அந்தத் துவாரம் உள்ள திருகு வட்டைக் கழற்றிப் பெரிய துவாரத்தில் பார்க்கலாம். ஒன்று மட்டும்: முன்மணி சில சமயம் உயரம் போதாது, மாற்ற நேரிடும்.

ஸ்கோப் போடுபவர்கள் கடையில் கேட்க மறக்கும் இரண்டு விஷயம். கட்டை தாழ்வான குறிக்காகச் செதுக்கியது, உயரமான ஸ்கோப்புக்குக் கன்னம் எட்டாது, தோல் கட்டிய மெத்தை ஒன்று வேண்டிவரும். ஸ்கோப் ரிசீவருக்கு மேல் நிற்கும் துப்பாக்கி என்றால் பின்னால் உள்ள சுத்தியலான ஹேமரைப் பெருவிரலால் பிடிப்பதும் கஷ்டம், பக்கவாட்டு நீட்சி ஒன்றை ஹேமரில் திருக வேண்டும். மூன்றாம் வழியில் இரண்டுமே இல்லை.

துளை விஷயத்துக்கு வருவோம். 1964-க்கு முந்தைய 94 என்றால் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. அந்த ஆண்டில்தான் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். ரிசீவரில் ஒரு புதுத் துளை விழுந்தால் அந்த மதிப்பு இறங்கும். பிற்காலத்தவற்றில் பலவற்றின் இடது பக்கம் தொழிற்சாலையே பீப் சைட்டுக்கான துளை போட்டு, பொய்த் திருகால் அடைத்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் நாகர்கோவில் லேத் பட்டறைக்கு எடுத்துப் போகத் தோன்றும். வேண்டாம். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் வேண்டும். தவிர, இந்தத் திருகுகளின் மரை பெரும்பாலும் 6-48 என்ற அமெரிக்க அளவு. நம் பட்டறைகளில் அந்த அளவுக்கு மரை வெட்டும் டேப் இருக்காது, கையில் இருக்கும் மில்லிமீட்டர் டேப்பைப் போட்டுத் துளையைப் பெரிதாக்கிவிடுவார்கள்.

நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும். குளச்சல் பக்கமென்றால் உப்புக்காற்றும் சேரும். ஸ்கோப் வளையத்துக்கு அடியிலும் தளத்துக்கு அடியிலும் ஈரம் நின்று நீலப்பூச்சு துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. நைட்ரஜன் நிரப்பாத மலிவு ஸ்கோப் என்றால் லென்ஸில் பூஞ்சை எளிதில் வரும். பீப் சைட்டில் லென்ஸே இல்லை, எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

தேர்தல் சமயத்தில் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லலாம், அதையும் யோசிக்க வேண்டும். அங்கே பல துப்பாக்கிகளோடு சாய்த்து வைப்பார்கள். ஸ்கோப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நல்லது. திரும்ப மாட்டினால் ஜீரோ அப்படியே வரும் என்று நம்பாதீர்கள், சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் மாமாவைக் கண்ணாடிக் கடைக்குத்தான் அனுப்பினேன். தூரப் பார்வைக் கண்ணாடியில் +0.50 அல்லது +0.75 கூட்டி ஒரு தனிக்கண்ணாடி செய்தால், பலருக்கு முன்மணி மீண்டும் கூர்மையாகிவிடும், செலவும் மிகக் குறைவு. துப்பாக்கியைக் கடைக்கு எடுத்துப் போகத் தேவையில்லை. கண்ணிலிருந்து மணி வரை உள்ள தூரத்தை வீட்டிலேயே டேப்பால் அளந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.