எப்லி, செமான்ட், பிராண்ட்-டாராஃப்: படுத்துப் புரளும்போது வரும் தலைசுற்றலுக்கு எது?

படுக்கையில் புரண்டால், அண்ணாந்து பார்த்தால், குனிந்து நிமிர்ந்தால் அறையே சுழல்கிறது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கியும் விடுகிறது. இப்படி வந்தால், உள்காதின் யூட்ரிக்கிள் பையில் இருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் உதிர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் கால்வாய்க்குள், பெரும்பாலும் பின்புறக் கால்வாய்க்குள், போயிருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரை சுற்றலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், துகளை நகர்த்தாது. தலையைத் திருப்பித்தான் அதை வெளியேற்ற வேண்டும். அதற்கான முறைகள்தான் எப்லி, செமான்ட், பிராண்ட்-டாராஃப்.

முதலில் எந்தக் காது என்று தெரிய வேண்டும். டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டெனப் படுக்கவைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே சுமார் 20 டிகிரி தொங்கவிடுவார்கள். சில வினாடி கழித்துக் கண்கள் மேல்நோக்கிச் சுழன்று துடித்தால், கீழே இருக்கும் காதுதான் பாதிக்கப்பட்டது. பக்கம் தெரியாமல் எப்லியோ செமான்ட்டோ செய்வது வீண்.

வலது காது என்று வைத்துக்கொள்வோம். எப்லியில் தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பிப் படுத்து, தலை தொங்கிய நிலையில் சுற்றல் நிற்கும்வரை, குறைந்தது 30 வினாடி, காத்திருக்க வேண்டும். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி மறுபடி காத்திருந்து, பிறகு உடலோடு சேர்த்து இன்னும் 90 டிகிரி புரள வேண்டும். இப்போது மூக்கு தரையைப் பார்க்க வேண்டும். கடைசியில் தாடையை மார்போடு ஒட்டி எழுந்து உட்கார வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது நடுவில்தான்: திருப்பும்போது தலையைத் தூக்கிவிடுகிறார்கள், அல்லது மூக்கு சுவரைப் பார்த்தபடியே நின்றுவிடுகிறது. துகள் வந்த பாதையிலேயே திரும்பிவிடும். எழும்போது சிலருக்கு யாரோ பின்னால் இழுப்பதுபோல் உடல் சாயும். அதனால் தோளைப் பிடித்துக்கொள்ள ஒருவர் அருகில் இருந்தே ஆக வேண்டும்.

செமான்ட்டுக்குத் தலையைத் தொங்கவிட வேண்டியதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையை இடப்பக்கம் 45 டிகிரி திருப்பி, வலது தோள் படும்படி வேகமாகச் சாய வேண்டும். முகம் மேலே பார்க்கும். ஒரு நிமிடம் கழித்து, தலைத் திருப்பத்தை மாற்றாமல், நடுவில் நிற்காமல் எதிர்ப்பக்கம் சாய வேண்டும். முகம் மெத்தையைப் பார்க்கும். அங்கும் ஒரு நிமிடம், பிறகு மெதுவாக எழலாம். இதில் வேகமே உயிர். பயந்து மெதுவாகச் சாய்ந்தால் பலன் குறையும். இடுப்பு, முழங்கால் வலியும் அதிக உடல் எடையும் இருப்பவர்களுக்கு இது கடினம்.

பலனில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆகவே தேர்வைக் கழுத்திடமும் இடுப்பிடமும் விடலாம். கழுத்தைப் பின்னால் வளைக்க முடியாதவருக்குச் செமான்ட், வேகமாகச் சாய முடியாதவருக்கு எப்லி. கடுமையான கழுத்துத் தேய்மானம், கழுத்து இரத்தக்குழாய் அடைப்பு, விழித்திரைப் பிரிவு உள்ளவர்கள் எதையும் தாமாகச் செய்யக் கூடாது.

பிராண்ட்-டாராஃப் வீட்டுப்பயிற்சி. தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி எதிர்ப்பக்கம் படுத்து 30 வினாடி, எழுந்து 30 வினாடி, பிறகு மறுபக்கம். ஒரு வேளைக்கு 5 சுற்று, நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரம். பக்கம் தெரியாவிட்டாலும் செய்யலாம் என்பதால் பலருக்கு இதைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். எங்கள் பார்வையில் இது முதல் தேர்வாகவே கூடாது: முதல் இரண்டையும்விடப் பலன் குறைவு, நாள் அதிகம், தினமும் சுற்றலை வரவழைப்பதால் பாதியில் விட்டுவிடுவோரும் உண்டு. சிகிச்சையாளர் கிடைக்காதபோது இதுவாவது இருக்கட்டும்.

முறை முடிந்தபின் உட்கார்ந்தே தூங்கவோ கழுத்துப் பட்டை போடவோ வேண்டியதில்லை. சில நாள் நடையில் தள்ளாட்டம் இருக்கலாம். ஆனால் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் தளர்ச்சி, புதிதாகக் கடும் தலைவலி, நிற்கவே முடியாமை இருந்தால் இந்த முறைகளில் நேரத்தை வீணாக்காமல் உடனே மருத்துவமனை செல்லுங்கள்.

இரண்டு மூன்று முறை சரியாகச் செய்தும் சுற்றல் அப்படியே இருந்தால், பயிற்சியை மாற்றுவதற்கு முன் கால்வாயைச் சந்தேகியுங்கள். துகள் பக்கவாட்டுக் கால்வாயில் இருக்கலாம், எப்லியின்போதே அங்கே நழுவியும் இருக்கலாம். மல்லாந்து படுத்துத் தலையை இருபக்கமும் 90 டிகிரி திருப்பும் சோதனையில் அது தெரியும். அதற்குப் பக்கவாட்டில் சாய்ந்து செய்யும் குஃபோனி முறையோ, படுத்தபடி 360 டிகிரி புரளலோதான் வேலை செய்யும், மேலே சொன்ன மூன்றும் அல்ல.