கடலோரக் கோடையில் விதையில்லாத் தக்காளி: வளர்ச்சி ஊக்கியின் நீண்ட நாள் பயன்பாடு

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் தக்காளிச் செடியை வளர்ப்பது கடினமன்று; மாசி கழிந்து வெயில் ஏறிய பிறகு பூத்த பூவெல்லாம் காயாகாமல் காம்போடு உதிர்வதுதான் தொல்லை. காய்பிடிப்புக்கு இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. இங்கே கோடை இரவுகளில் அது 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது என்பதால், மகரந்தம் வீரியம் இழக்கிறது. கருவுறாத பூ கொட்டிவிடுகிறது. அதைத் தடுப்பதற்காகவே வீட்டுத் தோட்டத்தில் வளர்ச்சி ஊக்கியைப் பயன்படுத்தத் தொடங்கினேன். விதையின்மை என்பது நான் தேடியதன்று, கூடவே வந்தது.

கருவுற்ற சூலகத்தில் உருவாகும் ஆக்சின், ஜிப்பரெல்லின் ஆகிய ஹார்மோன்களே காயை வளரச் செய்கின்றன. அதே தூண்டுதலை வெளியிலிருந்து கொடுத்தால் விதை உருவாகாமலே காய் பருக்கும் என்பதை, மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குஸ்டாஃப்சன் 1936-இல் தக்காளி உள்ளிட்ட செடிகளில் காட்டினார். இதில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. அடுத்த பூவுக்கு மருந்து படாவிட்டால் அது தன் இயல்புப்படியே நடந்துகொள்ளும்.

உரம், பூச்சிமருந்து விற்கும் கடைகளில் எளிதில் கிடைப்பது, ஆக்சினைப் போல் செயல்படும் 4.5 சதவீத நாப்தலீன் அசிட்டிக் அமிலக் கரைசல். நாலரை லிட்டர் நீருக்கு 1 மில்லி கலந்தால் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, ஆகும். பூ உதிர்வதை இது ஓரளவு குறைக்கிறது, ஆனால் தக்காளியில் காய்பிடிப்பதற்கு என் அனுபவத்தில் 4-குளோரோ பீனாக்சி அசிட்டிக் அமிலமே மேலானது. அது தூளாக வரும். தண்ணீரில் எளிதில் கரையாது. 100 மில்லிகிராம் தூளை 100 மில்லி எத்தனாலில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் ஒன்றரை மில்லியை 100 மில்லி தண்ணீரில் கலந்தால் 15 பிபிஎம் கிடைக்கும். குளிர் நாடுகளில் 30 பிபிஎம் வரை போகிறார்கள்; வெப்பம் கூடக் கூட அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் நம் கோடைக்கு 15 போதும். கிணற்று நீர் உப்பாக இருக்குமிடத்தில் கரைசலுக்கு மட்டுமாவது குடிநீரைப் பயன்படுத்துவது நல்லது.

ஒரு கொத்தில் மூன்று நான்கு பூக்கள் மலர்ந்ததும், கச்சான் காற்று எழுவதற்கு முன்பான காலை நேரத்தில், சிறு கைத்தெளிப்பானால் அந்தக் கொத்துக்கு மட்டும், உள்ளங்கையை மறைப்பாக வைத்து, ஒரே ஒருமுறை தெளிக்க வேண்டும். கொழுந்தில் பட்டால் இலை சுருண்டு, குறுகி, பெரணி இலைபோல் கீறிக்கொள்ளும். தெளித்த கொத்துக்கு நூல் கட்டி அடையாளம் வைப்பது சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்க முடியாதது. மறதியில் இரண்டாம் முறை பட்ட பூவிலிருந்து வரும் காய், நுனி கூர்ந்து, வெளியே பருத்து, உள்ளே அறைகள் வெற்றிடமாக இருக்கும். கையில் எடுத்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். மிகக் குறைந்த அளவில் ஜிப்பரெல்லிக் அமிலத்தைச் சேர்த்தால் இந்தப் பொக்கு குறைகிறது.

முறையாகத் தெளித்த கொத்துகளில் பெரும்பாலும் விதையே இருப்பதில்லை. சில பழங்களில் ஐந்தாறு விதைகள் தென்படுவது, ஊக்கிக்கு முன்பே மகரந்தம் தன் வேலையைச் செய்துவிட்டதன் அடையாளம். அறவே விதை வேண்டாமென்றால் மொட்டிலேயே மகரந்தப்பைகளை நீக்க வேண்டும். சமையலுக்கு அத்தனை மெனக்கெடுவது தேவையற்றது. சதைப்பற்றுக் கூடி, விதையைச் சூழ்ந்த கூழ் குறைவதால், தொக்குக்கும் துவையலுக்கும் இப்பழம் நன்றாக அமைகிறது. ரசத்துக்கு நாட்டுத் தக்காளியின் புளிப்பே வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்குப் பயந்து விதையில்லாப் பழம் கேட்பவர்களும் உண்டு. கல்லில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை கால்சியம் ஆக்சலேட். அந்த ஆக்சலேட் தக்காளியில் குறைவு, விதையை எடுப்பதால் மாறப்போவதும் இல்லை.

2,4-டி மிகக் குறைந்த அளவில் இதே பயனைத் தரும் என்று சிலர் பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை. அது களைக்கொல்லி; பருத்தி அதன் வாடையைக்கூடத் தாங்காது. நம் மாவட்டத்தில் பருத்தி பயிராகும் நிலத்துக்கு அருகே அதைக் கையாள்வது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

ஏக்கர்க் கணக்கில் பயிரிடுபவர்களுக்கு, கொத்துக் கொத்தாகத் தெளிக்கும் ஆள்கூலியே விளைச்சலின் விலையைத் தின்றுவிடும். வீட்டுத் தோட்டத்துக்கும் சிறிய நிழல்வலைக் குடிலுக்குமே இது பொருந்தும். வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் நான் தெளிப்பதே இல்லை. அப்போது காலையில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட்டாலே மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கிறது. அடுத்த பட்டத்துக்கான விதையையும் அந்தப் பழங்களிலிருந்தே எடுத்துவைக்கிறேன்.