உழவர் சந்தையா, அம்மா உணவகமா, ரேஷன் கடையா?

ஒரு பேட்டையில் வசிப்பவர்களுக்கு நல்ல சாப்பாடு எட்ட வேண்டும். அதற்கு அரசிடம் கொஞ்சம் பணமும் அரை கிரவுண்டு இடமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் எதைத் திறப்பது? தமிழ்நாட்டில் இதற்கு மூன்று விடைகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன: உழவர் சந்தை, அம்மா உணவகம், ரேஷன் கடை. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் பார்க்கிறார்கள். மூன்றிலுமே விலை மலிவு என்பதால் அதில் தெரிந்துகொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. கடை எத்தனை மணிக்குத் திறந்திருக்கிறது, அந்த நேரத்தில் யாரால் அங்கே வர முடியும் என்று கேட்டுப் பார்த்தால் கதை மாறுகிறது.

உழவர் சந்தையிலிருந்து தொடங்கலாம். 1999 ஜனவரியில் ஆந்திராவில், விவசாயிகளே நேரடியாக விற்கும் ரைத்து பஜார் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. நிலம் வைத்து விளைவிக்கிறவர் என்று உறுதிசெய்து அடையாள அட்டை கொடுப்பார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கிடைக்கும். காலையில் பலகையில் எழுதும் விலை, மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் வெளிச் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் இருக்கும். கமிஷன் மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த சிறு விவசாயிக்கு அன்றைய காசு அன்றே கையில் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. அட்டை வாங்கிக்கொண்டு வியாபாரிகளும் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள் என்ற புகார் தொடக்க காலத்திலிருந்தே இருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் முடக்கத்தான் கீரையை எப்படி ஆய்வது என்று விளைவித்தவரிடமே கேட்டு வாங்கக்கூடிய இடம் நகரத்தில் வேறு எது?

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. உழவர் சந்தை விடியலில் களைகட்டும். வெயில் ஏறுவதற்குள் நல்ல காய் தீர்ந்துவிடும். நடைப்பயிற்சி முடித்துப் பையோடு வரும் ஓய்வூதியர்களுக்கும், ஸ்கூட்டரில் வந்து ஒரு வாரத்துக்கு அள்ளிப் போகிறவர்களுக்கும் இது மிகவும் வசதி. கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் அந்த நேரத்தில் மேஸ்திரிக்காகச் சாலைச் சந்திப்பில் நின்றுகொண்டிருப்பார். மாலையில் கூலி கைக்கு வரும்போது பெரும்பாலான சந்தைகள் மூடிக் கிடக்கும். அவர் தள்ளுவண்டியில் கூறு போட்ட காயைத்தான் வாங்குகிறார், பெரும்பாலும் கூடுதல் விலைக்கு. சென்னையின் நடுப்பகுதியில் இருப்பவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. உழவர் சந்தைக்கு அவர் புறநகர்ப் பக்கம்தான் போக வேண்டும். விளைநிலம் அருகில் இல்லாத இடத்தில் அது வேர் பிடிப்பது கடினம்.

அம்மா உணவகம் இதற்கு நேர் எதிர். 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று, மாலையில் இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய். வேலைக்குப் போகும் வழியில், வேலைக்கு நடுவில், வேலை முடிந்து என்று உழைக்கிறவரின் நாளோடு ஒட்டியே அதன் நேரங்கள் அமைந்தன. அரசு மருத்துவமனை வளாகங்களில் திறந்தது இன்னும் நல்ல யோசனை. வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்து வராந்தாவில் படுத்திருக்கும் துணையாளுக்கு அடுப்பு ஏது? 2020 ஊரடங்கில் பெரும்பாலான ஓட்டல்கள் மூடியபோது சென்னையில் ஏராளமானோரின் வயிறு இங்கேதான் நிறைந்தது.

குறையும் உண்டு. இது தனி ஆளின் வயிற்றுக்கான ஏற்பாடு. நின்று சாப்பிட்டுவிட்டுப் போய்விட வேண்டும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் மாமியாருக்கும் இங்கிருந்து எதுவும் போகாது. விலையை உயர்த்தும் துணிச்சல் எந்த ஆட்சிக்கும் வரவில்லை. அதனால் விற்கும் ஒவ்வொரு இட்லியும் மாநகராட்சிக்கு நட்டம். பணம் இறுகும் ஆண்டுகளில் அது முதலில் தெரிவது சாம்பாரின் கெட்டியில்தான். சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்கள் தினக்கூலிக்கு வேலை செய்கிறார்கள். கடை அவர்களுடையது அல்ல, இன்றைக்கு என்ன சமைப்பது என்பதும் அவர்கள் முடிவு அல்ல.

இந்த இடத்தில் கேரளத்தைப் பார்ப்பது பயன்படும். அங்கே 2020-இல் வந்த ஜனகீய ஹோட்டல்கள் என்ற மலிவு விலை உணவகங்களை, குடும்பஸ்ரீ என்ற சுய உதவிக் குழு அமைப்பின் பெண்கள் தங்கள் சொந்தத் தொழிலாக நடத்தினார்கள். சாப்பாடு 20 ரூபாய், அதற்கு மேல் அரசு மானியம் 10 ரூபாய். 2023-இல் மானியம் நின்றது, சாப்பாடு 30 ரூபாயானது. உரிமை அவர்களுக்கு இருந்தது. இடியும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. நம் ஊர்ப் பெண்களுக்கு உரிமை இல்லை, ஆனால் வாடிக்கையாளரிடம் விலை உயர்வை விளக்க வேண்டிய சங்கடமும் இல்லை. எது மேல் என்று கேட்டால் நான் கேரளத்தின் பக்கம் சாய்வேன், மானியத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்த மாட்டோம் என்ற உறுதி இருந்தால்.

ரேஷன் கடையை ஒரு உணவு மையமாக யாரும் நினைப்பதில்லை. வரிசை, கைரேகை பதியாத இயந்திரம், ‘பாமாயில் அடுத்த வாரம்’ என்ற பதில். நினைவுக்கு வருவது இவைதான். ஆனால் வீச்சு என்று பார்த்தால் மற்ற இரண்டும் இதன் அருகில்கூட வர முடியாது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். பிற மாநிலங்கள் ஏழைகளை மட்டும் பிரித்தெடுக்க முயன்றபோது தமிழ்நாடு எல்லோருக்குமான விநியோகத்தை விடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே போகிறது. ஆனால் பையில் இருப்பது அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய். காய்கறி இல்லை. வயிறு நிறைகிறது, தட்டில் பச்சை நிறம் இல்லை.

ரேஷன் கடையில் காய்கறி விற்பது முடியாத காரியமா? 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் 82 ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது போனது. கூட்டுறவுத் துறையின் பண்ணை பசுமைக் கடைகள் 2013 முதலே காய்கறி விற்று வருகின்றன. கொள்முதல் தெரியும், வண்டி இருக்கிறது, கடை ஏற்கெனவே தெருமுனையில் நிற்கிறது. தக்காளி விலை இறங்கியதும் அந்த ஏற்பாட்டைச் சுருட்டி வைத்துவிட்டோம்.

எனவே, அந்த அரை கிரவுண்டு இடம் மருத்துவமனை, பேருந்து நிலையம், வெளியூர்த் தொழிலாளர் தங்கும் பகுதி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு உணவகம் திறக்கலாம். சுற்றிலும் விளைநிலம் உள்ள மதுரை, சேலம் போன்ற ஊர்களில் உழவர் சந்தைக்கு நிகரில்லை. மாலை நேரத்திலும் திறந்தால் இன்னும் நல்லது. குடும்பங்கள் நெருக்கமாக வாழும், அடுப்பு எரியும், காசு மாலையில் மட்டும் வரும் பேட்டைகளுக்கு என் ஓட்டு ரேஷன் கடைக்குத்தான். வாசலில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு காய்கறிக் கடை, நடத்துவது அந்தத் தெருவின் சுய உதவிக் குழு, சரக்கு பக்கத்து விவசாயிகளிடமிருந்து.

தொடங்கும் முன்பே தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அரிசி மூட்டை அடுத்த மாதம் வரை காத்திருக்கும், கீரைக்கட்டு மறுநாள் காலை வரை தாங்காது. விற்காமல் மிஞ்சுவதை அம்மா உணவகம் ஒரு நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று மாநகராட்சி எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகல் கணக்கை ரேஷன் கடை விற்பனையாளர் சம்பளத்தில் பிடித்தால் மூன்றாம் வாரமே கீரை வருவது நின்றுவிடும்.