புது ஐ9 என்று பழைய சிப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். ரூ. 44,500 போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

வீட்டில் சொந்தமாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறவர்கள், அதிலும் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர் வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சென்னையில் கணினி உதிரிபாகம் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் ஒரு கடை. கோர் ஐ9-13900கே புதுசு என்று சொல்லி ரூ. 44,500 வாங்கிக்கொண்டு, யாரோ ஓட்டித் தேய்த்த சிப்பைக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் கூலரைக் கழற்றியபோதுதான் உறுதியானது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது என்னென்ன சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஏமாற்று எங்கே நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டி சீலோடுதான் வந்தது. கண்ணெதிரே சீலைக் கிழித்துத் திறந்து காட்டினார்கள். அதற்கப்புறம் வந்த பேச்சுதான் வலை. "சார், எல்ஜிஏ 1700 சாக்கெட்டு, பின்னு ரொம்ப மெல்லிசு. வீட்ல போட்டு ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு வாரண்டி போயிடும். ப்ராசஸர், கூலர் ரெண்டையும் நாங்களே ஃப்ரீயா மாட்டித் தர்றோம், போர்டோட எடுத்துட்டுப் போங்க." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் யாரும் மறுக்க மாட்டார்கள். சிப் உட்காரும் சாக்கெட்டின் பின்கள் 1,700ம் மதர்போர்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் போர்டு கம்பெனி வாரண்டி தராது. சிப்பை எடுத்துக்கொண்டு உள்ளே சர்வீஸ் டேபிளுக்குப் போனார் பையன். திரும்பி வந்தபோது போர்டில் சிப் உட்கார்ந்திருந்தது, அதன்மேல் சூடு கடத்தும் பேஸ்ட், அதன்மேல் கூலர். சிப்பின் மேலே அச்சிட்ட எண் இனி யார் கண்ணுக்கும் தெரியாது.

அப்புறம் ஆன் செய்து காட்டினார்கள். பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில், 13900கே என்று பெயர் வந்தது. ப்ராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஒரு சுற்று ஓட்டினார்கள், மதிப்பெண் சரியாகவே வந்தது. "பக்கா பீஸ் சார்." இந்த இடத்தில் எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஆனால் சிப் தேய்ந்துபோன கோளாறுக்கு இந்தச் சோதனை ஒன்றையும் நிரூபிக்காது. சிப்புக்குள் கணக்குப் போடும் கோர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முழுமூச்சில் ஓடும்போது சிப் 253 வாட் வரம்பில் முட்டி, வேகம் 5.5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். தேய்ந்த சிப் அந்த வேகத்தில் தாக்குப்பிடிக்கும். அது விழுவது ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் 5.8 வரை எகிறும் சின்ன வேலைகளில்: ஃபைல் விரிப்பது, ட்ரைவர் நிறுவுவது, கேமில் ஷேடர், அதாவது காட்சியை வரையும் சின்ன நிரல்கள், தயாராவது. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்குமா?

வீட்டில் முதல் அடி விண்டோஸ் 11 போடும்போதே விழுந்தது. ஃபைல்களைத் தயார் செய்யும் கட்டத்தில், ஃபைல் கெட்டிருக்கிறது அல்லது காணவில்லை என்று 80070570இல் முடியும் பிழை. இதற்கு வழக்கமான மருந்து பென்டிரைவை மாற்றுவது, விண்டோஸின் ஐஎஸ்ஓ ஃபைலை மறுபடி இறக்குவது. பெரும்பாலும் காரணமும் அதுதான். ஆனால் அதே பென்டிரைவ் வேறு கணினியில் ஒரு தடங்கலும் இல்லாமல் விண்டோஸைப் போட்டது. இங்கே மட்டும் ஒருமுறை ஆரம்பத்திலேயே நிற்கிறது, அடுத்தமுறை பாதி தாண்டி நிற்கிறது, இன்னொருமுறை முழுசாக முடிந்தே விடுகிறது. ஃபைல் உண்மையிலேயே கெட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். இடம் மாறி மாறி நின்றால், சுருக்கி வைத்த ஃபைலை விரிக்கிற பாதையில், அதாவது ப்ராசஸரிலோ ரேமிலோ, கோளாறு. விண்டோஸ் எப்படியோ ஏறிய பிறகு என்விடியா ட்ரைவர் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும்போது சிஆர்சி பிழை, அதாவது விரித்த தரவு மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்ற பிழை. அன்ரியல் என்ஜினில் செய்த கேம்களில் ஷேடர் தயாராகும்போது "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது, 12 ஜிபி கார்டில்! இந்த வாசகத்தை நம்பி கிராஃபிக்ஸ் கார்டை மாற்றியவர்கள் உண்டு. வீடியோ மெமரி தீர்ந்துபோவதில்லை. ஷேடரை விரிக்கும்போது ப்ராசஸர் தப்பான கணக்கைத் தருகிறது, கேம் அதைத் தப்பான பெயரில் சொல்கிறது, அவ்வளவுதான்.

கடைக்குப் போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம். "விண்டோஸ் ஒரிஜினலா சார்?" அப்புறம் "ரேம்தான் சார்." ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது, ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டும் போடாமலும். ஒவ்வொரு ரேம் குச்சியையும் தனியாக, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பார்த்தாலும் அதே கதை. "அப்போ கார்டு சார்." கார்டையே கழற்றி வைத்துவிட்டு, 13900கேயில் இருக்கிற உள்ளமை கிராஃபிக்ஸில் ஓட்டினாலும் பெரிய ஜிப் ஃபைலைச் சோதித்தால் சிஆர்சி பிழை வருகிறது. கார்டே இல்லாத கணினியில் கார்டு எப்படிக் குற்றவாளி ஆகும்? "பவர் சப்ளை 1,000 வாட் போடுங்க சார், ஈவன்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41 வருதே." ஈவன்ட் வியூவர் என்பது விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு. அதில் கெர்னல்-பவர் 41 என்றால் கணினி முறையாக அணையாமல் நின்றுபோனது என்ற குறிப்பு மட்டும்தான். ஏன் நின்றது என்று அது சொல்லாது. 850 வாட் சப்ளை, கார்டும் இல்லை, பளுவும் இல்லை, அப்போதும் பிழை வருகிறது என்றால் பவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இதைக் கேட்டதும் "டெக்னீஷியன் லீவு சார்." அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வாட்ஸாப்பில் நீல டிக் மட்டும். ரூ. 44,500 வாங்கும்போது டீ வாங்கிக் கொடுத்த கடை இது.

ஈவன்ட் வியூவரில் பார்க்க வேண்டியது வேறு. விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம், அதில் டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில் வரும் வன்பொருள் பிழைப் பதிவுகள். இங்கே நிகழ்வு எண் 19 வரிசையாக நின்றது, உள்ளே "இன்டர்னல் பேரிட்டி எர்ரர்" என்று, அதாவது ப்ராசஸருக்குள்ளேயே தரவு பிசகியிருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் அதே ஏபிஐசி ஐடி, அதாவது அதே கோர். ரேமும் பவரும் காரணமென்றால் பிழை இப்படி ஒரே கோரில் போய் உட்காராது.

அடுத்து கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டது பயாஸ் அப்டேட். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் நிறையப் பேரை அலைக்கழிக்கிறார்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கும் கோளாறு இருந்ததை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டது. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து கோருக்குள் இருக்கும் கடிகாரச் சுற்றைத் தேய்க்கின்றன. தேய்ந்தபின் அதே வேகத்துக்கு முன்பைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும், அது கிடைக்காதபோது கணக்கு தப்புகிறது. போதாக்குறைக்குப் பல போர்டுகள் பவர் வரம்பை 4,096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாமல், திறந்துவிட்டிருந்தன. 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுக்கும் மைக்ரோகோட் (பயாஸ் வழியாகச் சிப்புக்குப் போகும் திருத்தம்) 129 ஆகஸ்ட் 2024இல் வந்தது, செப்டம்பரில் 12பி, மே 2025இல் 12எஃப். இவையெல்லாம் இனிமேல் தேயாமல் காப்பவை. ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை எந்த மைக்ரோகோடும் சரிசெய்யாது, இதை இன்டெலே சொல்லியிருக்கிறது. இங்கே 12எஃப் உள்ள பயாஸ் ஏற்றி, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் அதைச் சரிபார்த்து, இன்டெல் டிஃபால்ட் அமைப்பில் 253 வாட், 307 ஆம்பியர் என்று வைத்தும் பிழை நிற்கவில்லை. புதுச் சிப் இப்படி நடக்காது.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு, இலவசம். பயாஸிலோ இன்டெலின் எக்ஸ்டியூ மென்பொருளிலோ பெர்ஃபார்மன்ஸ் கோர் ரேஷியோவை எல்லாக் கோருக்கும் 53ஆக, அதாவது 5.3 கிகாஹெர்ட்ஸாக, இறக்குங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். இறக்கியதும் ட்ரைவர் முதல் தடவையிலேயே ஏறியது, ஜிப் பிழை நின்றது, கேம் ஷேடரைத் தாண்டியது. திரும்ப ஏற்றினால் திரும்பப் பிழை. இதைவிடத் தெளிவாக ஒரு சிப் தன் நோயைச் சொல்லாது. கடையிடம் இதை வீடியோவாக அனுப்பினால் வந்த பதில்: "அப்போ 53லயே ஓட்டுங்க சார், வித்தியாசம் தெரியாது." 5.8 என்று பெட்டியில் போட்டதற்குத்தானே ரூ. 44,500 கொடுத்தது?

கடைசியாகக் கூலரைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, பேஸ்ட் இளகியதும் மெல்லத் திருகி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் எண் தெரிந்தது. சிப்பின் மேல் இருக்கிற எஃப்பிஓ (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் இரண்டாவது எழுத்து தயாரித்த ஆண்டு, அடுத்த இரண்டும் வாரம். பெட்டி லேபிளில் அந்த இடத்தில் 3. சிப்பில் 2. பெட்டி 2023, சிப் 2022. கண்ணெதிரே சீல் கிழித்த பெட்டிக்கும் உள்ளேயிருந்து வந்த சிப்புக்கும் சம்பந்தமே இல்லை. உலோக மூடியின் இரு பக்க விளிம்பிலும் சாக்கெட் கவ்வி அழுத்திய தழும்பு, இப்போது விழுந்ததற்குப் பக்கத்திலேயே கொஞ்சம் விலகி இன்னொரு ஜோடி. மூடிக்கும் பச்சைப் பலகைக்கும் நடுவே இண்டில் காய்ந்து கெட்டியான பழைய சாம்பல் பேஸ்ட், இவர்கள் தடவியது வேறு நிறம். வேறொரு போர்டில் இருந்த சிப் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பெட்டியில் வரும் சிப்புக்கு வாரண்டி மூன்று ஆண்டு. இந்தக் கோளாறுக்காக ஆகஸ்ட் 2024இல் இன்டெல் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஆனால் வாரண்டி போவது சிப்பின் மேலுள்ள எஃப்பிஓ, ஏடிபிஓ (சிப்பின் தனி சீரியல்) எண்களின்படி. சிப்பையே படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். இந்த எண்களை இன்டெலின் வாரண்டி தளத்தில் போட்டால் வாங்கிய இடத்தை அணுகுங்கள் என்கிறது, அதாவது இது பெட்டிச் சரக்கே இல்லை, கணினிக் கம்பெனிகளுக்குப் பெட்டியில்லாமல் ட்ரேயில் மொத்தமாகப் போன சிப். கடையோ "பெட்டியில நம்பர் இருக்கே சார், கம்பெனிக்கு அனுப்புங்க" என்கிறது. பொருந்தாத எண்ணைப் படம் எடுத்துக் காட்டியதும் பேச்சே மாறிவிட்டது. "கூலரைக் கழட்டிட்டீங்களே சார், இனிமே எங்க பொறுப்பு இல்ல." கழற்றாமல் எண்ணை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் போனை வைத்துவிட்டார்கள். பில்லில் "ப்ராசஸர் 1" என்று மட்டும் போட்டு, சீரியல் எண் இடத்தை வேண்டுமென்றே வெற்றாக விட்டிருக்கிறார்கள். ரூ. 44,500க்கு ஒற்றை வரி எழுத்து.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது மனசு ஓடவில்லை. இவற்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள். மாட்டித் தருகிறோம் என்றால் உங்கள் கண்முன்னால், மேசைமேல் மாட்டட்டும், உள்ளே எடுத்துப் போகவே விடாதீர்கள். பேஸ்ட் தடவுவதற்கு முன் சிப்பின் எண்ணையும் பெட்டி லேபிளையும் ஒரே படத்தில் எடுங்கள். இரண்டும் பொருந்தியபிறகு அந்த எண்ணை ஜிஎஸ்டி பில்லில் எழுதச் சொல்லுங்கள். சினிபெஞ்சைக் காட்டினால் நம்பாதீர்கள், பெரிய ஜிப் ஃபைல் ஒன்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், பில், படம், வாட்ஸாப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. சிப் எண்ணைப் படம் எடுக்க விடமாட்டேன் என்கிற கடையில் பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள், அப்படியே வெளியே வந்துவிடுங்கள்.