ஜார்ஜியாவில் மூன்று இடங்கள், அப்பாவின் டைரியில் மூன்று முத்திரைகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகரா, நியூயார்க் என்று கிளம்பிவிடுவோம். இந்த முறை அப்பாவுக்கு முட்டிவலி. அதனால் அட்லாண்டாவிலிருந்து காரிலேயே போய்வரக்கூடிய தேசியப் பூங்காத் துறை இடங்களாகப் பார்த்தோம். ஜார்ஜியாவில் வெறுமனே 'நேஷனல் பார்க்' என்று பெயருள்ள இடம் ஒன்றுகூடக் கிடையாது. வரலாற்றுப் பூங்கா, போர்க்களப் பூங்கா, நினைவுச்சின்னம் என்று ஏதாவது ஒரு வால் ஒட்டியிருக்கும். அதனால்தானோ என்னவோ, நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை.

மூன்றில் எனக்குப் பிடித்தது மேக்கன் நகரின் ஓக்மல்கீ மண்மேடுகள், அமெரிக்கப் பழங்குடியினர் அந்தக் காலத்தில் எழுப்பியவை. ஒன்றரை மணி நேரப் பயணம், நுழைவுக் கட்டணம் இல்லை. "மண்மேட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றார் அப்பா. முதலில் மண் வீடு. வெளியே புல் முளைத்த ஒரு குமிழ், அவ்வளவுதான். தாழ்வான வழியில் குனிந்து உள்ளே போனால் வட்டமான அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவரோரமாகக் களிமண்ணில் வார்த்த 47 இருக்கைகள். ஒரு பக்கம் பறவை வடிவில் ஒரு மேடை, அதில் இன்னும் மூன்று பேருக்கு இடம். கூரை 1930களில் புதிதாகப் போட்டது. ஆனால் தரை அசல், ஏறக்குறைய 1015-ஆம் ஆண்டுத் தரை. கும்பகோணத்துக்காரரான அப்பா குனிந்தபடியே நின்றுவிட்டார். "நம்ம பெரிய கோயில் 1010. அதே காலம்மா!"

அப்புறம் முட்டிவலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அங்கிருக்கும் உயரமான மேட்டுக்குப் பெயரே 'பெரிய கோயில் மேடு'. 55 அடி, கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பியது. மரப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து உச்சிக்கே போய்விட்டார். இந்த இடத்தை வெட்டித்தான் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபத்தை வீடு வரை கேட்டுக்கொண்டு வந்தோம்.

அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் பூங்கா. இதுவும் இலவசம். கைத்தடியோடு காந்தி சிலை நிற்கிறது, இந்தியா கொடுத்தது. பழைய எபநேசர் தேவாலயத்தில் கிங்கின் பதிவு செய்த பிரசங்கம் ஓட, பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறந்த வீடு மராமத்து வேலைக்காக மூடியிருந்தது, வாசலோடு சரி.

சவானா அருகே புலாஸ்கி கோட்டைக்குத் தலைக்கு 10 டாலர், 16 வயதுக்குக் கீழே இலவசம். 1862-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, புதுவகைப் பீரங்கி துளைத்த செங்கல் சுவரை இன்றும் விரல் விட்டுப் பார்க்கலாம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் நான்கு மணி நேரம் கார் ஓட்டி இதற்கு மட்டும் போகமாட்டேன். சவானாவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத பூச்சிகள் கடித்துக் குதறிவிடும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மேக்கன், புலாஸ்கி இரண்டுக்குமே புளிசாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள்.

குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் தருகிறார்கள். அதை முடித்து, கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னால் பேட்ஜ். பெரியவர்களுக்கு ஊர் பெயரும் தேதியும் போட்ட ரப்பர் முத்திரை, நாமே குத்திக்கொள்ளலாம். அப்பா தன் வங்கி டைரியில் குத்திக்கொண்டார். மேக்கன் முத்திரை மட்டும் கொஞ்சம் மங்கலாக விழுந்துவிட்டதாம், அடுத்த வருடம் வந்து மறுபடி குத்த வேண்டுமாம்.